ஃபெர்மாவை ஏமாற்றிய எண்

நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறதல்லவா? இலக்கங்களில் எழுதினால் அவ்வளவு பயமில்லை: 4,29,49,67,297. உங்கள் குறிப்பேட்டின் முதல் வரியில் இதை எழுதிக்கொள்ளுங்கள். பென்சில் கையிலேயே இருக்கட்டும். இந்தக் கட்டுரையை அது இல்லாமல் படிப்பதில் பயனில்லை.

இந்த எண் பகா எண்ணா, பகு எண்ணா? இதுதான் வினா. ஒற்றைப்படை எண், ஆகவே 2 வகுக்காது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 59, ஆகவே 3 வகுக்காது. 5 வகுக்காது என்பது கடைசி இலக்கத்தைப் பார்த்தாலே தெரியும். 7ஆல் வகுத்தால் மீதி 5. 11ஆல் வகுத்தாலும் மீதி 5. 13ஆல் வகுத்தால் மீதி 10. எதற்கும் பிடி கொடுக்காத எண்ணாகத் தோன்றுகிறது. உலகம் கண்ட தலைசிறந்த கணித மேதைகளுள் ஒருவர் இது பகா எண் என்றே நம்பினார். அந்த நம்பிக்கை தவறு என்று தெரிய 92 ஆண்டுகள் ஆயின.

அந்த மேதையின் பெயர் பியர் தெ ஃபெர்மா. பிரான்சு நாட்டில் துலூஸ் நகர நீதிமன்றத்தில் பதவி வகித்தவர். சட்டம் அவருக்குத் தொழில், கணிதம் பொழுதுபோக்கு. நூல் எழுதி வெளியிடும் ஆசை அவருக்கு அதிகம் இல்லை. கண்டுபிடித்தவற்றை நண்பர்களுக்குக் கடிதமாக எழுதிவிடுவார். 1640ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஃபிரெனிக்கிள் என்ற கணித அறிஞருக்கு எழுதிய கடிதத்தில்தான் நம் எண் மேடை ஏறுகிறது.

அது எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். 2ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதை வர்க்கப்படுத்துங்கள், 4. அதை மீண்டும் வர்க்கப்படுத்துங்கள், 16. பிறகு 256. பிறகு 65,536. ஐந்தாவது முறை வர்க்கப்படுத்தினால் 4,29,49,67,296. இப்போது ஒவ்வொன்றுடனும் 1ஐக் கூட்டுங்கள்:

3, 5, 17, 257, 65,537, 4,29,49,67,297 ...

இவற்றை இன்று ஃபெர்மா எண்கள் என்கிறோம். எத்தனை முறை வர்க்கப்படுத்தினோமோ அதைக் கொண்டு எண்ணுவது வழக்கம். வர்க்கப்படுத்தாமலே கிடைக்கும் 3 பூச்சியமாவது எண். நம் எண் ஐந்தாவது. 2ஐ 32 முறை பெருக்கி 1 கூட்டினாலும் இதே எண்தான் வரும். சுருக்கமாக, 2³² + 1.

முதல் ஐந்தும் பகா எண்கள். 65,537ஐச் சோதிக்க அதன் வர்க்கமூலமான 256 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும், அவை 54தான். ஒரு மாலைப்பொழுது வேலை. ஆனால் அடுத்த எண்ணுக்கு வர்க்கமூலம் 65,536. அதுவரை உள்ள பகா எண்கள் 6,542! 54 எங்கே, 6,542 எங்கே? இந்தத் தாவலில்தான் ஃபெர்மா சறுக்கினார். இந்த வரிசையில் வரும் எல்லா எண்களுமே பகா எண்கள் என்று எழுதினார். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். தன்னிடம் முழுமையான நிரூபணம் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. 1654இல் பாஸ்கலுக்கு எழுதியபோதும் இந்த நிரூபணத்துக்கு உதவி கேட்டிருக்கிறார்.

பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பதில்

1729ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் (ஆம், நம் இராமானுஜனின் புகழ்பெற்ற எண்தான், இங்கே அது வெறும் ஆண்டு) கோல்ட்பாக் என்பவர் இளைஞர் ஆய்லருக்கு ஒரு கடிதம் எழுதினார். “ஃபெர்மாவின் இந்தக் கூற்று உங்களுக்குத் தெரியுமா?” என்பது அதில் ஒரு கேள்வி. ஆய்லர் தொடக்கத்தில் அதில் பெரிய அக்கறை காட்டவில்லை. ஆனால் கேள்வி மனத்தைக் குடைந்திருக்க வேண்டும். 1732இல், தமது 25ஆம் வயதில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியற் கழகத்தில் விடையை வைத்தார்:

4,29,49,67,297 = 641 × 67,00,417

பெருக்கிச் சரிபாருங்கள். 67,00,417ஐ 600ஆல் பெருக்கினால் 402,02,50,200. 41ஆல் பெருக்கினால் 27,47,17,097. கூட்டினால் நம் எண் அப்படியே வந்து நிற்கும்.

இதில் மனத்தை வருத்தும் செய்தி ஒன்று உண்டு. பகா எண்களை 2, 3, 5, 7, 11 என்று வரிசையாக எடுத்தால் 641 என்பது 116ஆவது. எந்த உபாயமும் இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக வகுத்துக்கொண்டே போயிருந்தாலும் 116ஆவது வகுத்தலில் ஃபெர்மாவுக்கு உண்மை தெரிந்திருக்கும். நாளொன்றுக்கு நான்கு கணக்குப் போட்டிருந்தால் ஒரே மாதம்!

641 நம் எண்ணை வகுக்கிறது என்பதைக் காணப் பெரிய வகுத்தல்கூட வேண்டாம். இரட்டிக்கத் தெரிந்தால் போதும். 1இல் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போங்கள். 641ஐத் தாண்டும்போதெல்லாம் 641ஐக் கழித்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1, 2, 4, 8, 16, 32, 64, 128, 256, 512 வரை தடையில்லை. அடுத்து 1,024, 641ஐக் கழித்தால் 383. தொடர்ந்து 125, 250, 500, 359, 77, 154, 308, 616, 591, 541, 441, 241, 482, 323, 5, 10, 20, 40, 80, 160, 320, 640.

எண்ணிப் பாருங்கள். 32 முறை இரட்டித்திருக்கிறோம். அதாவது 2³²ஐ 641ஆல் வகுத்தால் மீதி 640. இன்னும் 1 கூட்டினால் மீதி 641, அதாவது மீதியே இல்லை! (நான் முதன்முறை இதைச் செய்தபோது 591ஐ இரட்டிக்கையில் 541க்குப் பதிலாக 551 என்று எழுதிவிட்டு, ஆய்லரையே சந்தேகித்தேன். உங்களுக்கும் 640 வரவில்லையானால் ஆய்லரை விட்டுவிட்டு உங்கள் கழித்தலைப் பாருங்கள்.) நடுவில் 25ஆம் படியில் 5 வருகிறதே, அதைக் கவனித்தீர்களா? அங்கேயே முடிவு தெரிந்துவிடுகிறது. மீதமுள்ள ஏழு இரட்டிப்புகள் 128ஆல் பெருக்குவதற்குச் சமம்; 5 × 128 = 640.

இயற்கணிதம் பிடித்தவர்களுக்கு இன்னும் சுருக்கமான வழி இருக்கிறது. 641ஐ இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, 640 + 1. இந்த 640 என்பது 5 × 2⁷. மற்றொன்று, 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. ஆகவே 2⁴ = 641 − 5⁴. இப்போது,

2³² = 2⁴ × 2²⁸ = (641 − 5⁴) × 2²⁸ = 641 × 2²⁸ − (5 × 2⁷)⁴ = 641 × 2²⁸ − 640⁴

எனவே 2³² + 1 = 641 × 2²⁸ − (640⁴ − 1).

640⁴ − 1 என்பதை வர்க்கங்களின் வேறுபாடாகப் பிரித்தால் 639 × 641 × 4,09,601. இரண்டு உறுப்புகளிலும் 641 இருக்கிறது! அதைப் பொதுவாக வெளியே எடுத்தால் உள்ளே எஞ்சுவது 26,84,35,456 − 639 × 4,09,601, அதாவது 26,84,35,456 − 26,17,35,039 = 67,00,417. வகுக்காமலே ஈவும் கிடைத்துவிட்டது.

641 எப்படிக் கண்ணில் பட்டது?

இவ்வளவும் 641 என்று தெரிந்த பிறகு செய்யும் வேலை. தெரியாதபோது அதை எப்படித் தேடுவது? ஆய்லர் 1732இல் விடையை மட்டுமே சொன்னார். வழியைச் சில ஆண்டுகளுக்குப் பின் விளக்கினார். நாம் போட்ட இரட்டிப்புப் பட்டியலிலேயே அந்த வழி ஒளிந்திருக்கிறது.

நம் எண்ணை வகுக்கும் பகா எண் ஏதேனும் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கொண்டு மேலே செய்ததுபோல் இரட்டித்தால், 32ஆம் படியில் அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைவான மீதி வந்தே தீரும். ஒன்று குறைவு என்பது −1 போன்றது. அதிலிருந்து மேலும் 32 முறை இரட்டித்தால், முதல் 32 படிகளின் எதிர்க்குறிகள் வரிசையாக வந்து, 64ஆம் படியில் மறுபடியும் 1 வரும். ஆக, மீதிகள் 64 படிகளில் ஒரு சுற்று சுற்றி வருகின்றன. இதைவிடச் சிறிய சுற்று இருக்க முடியுமா? இருந்தால் அதன் நீளம் 64ஐ வகுக்க வேண்டும். 1, 2, 4, 8, 16, 32 இவற்றில் ஒன்றாக வேண்டும். அப்படியானால் 32ஆம் படியிலேயே 1 வந்திருக்கும். வரவில்லை. எனவே சுற்றின் நீளம் சரியாக 64.

இந்தச் சுற்றில் இடம்பெறாத ஒரு மீதியை எடுத்து இரட்டித்துக்கொண்டே போனால் அதுவும் 64 படிகளில் தன் இடத்துக்குத் திரும்பும். முதல் சுற்றில் உள்ள எதுவும் இதில் வராது. இப்படியே எல்லா மீதிகளையும் 64 பேர் கொண்ட அணிகளாகப் பிரித்துவிடலாம். யாரும் விடுபட மாட்டார்கள். பகா எண்ணில் ஒன்று குறைத்தால் கிடைப்பதுதான் மீதிகளின் எண்ணிக்கை (பூச்சியத்தை விட்டுவிட்டோம்). ஆகவே அந்த எண்ணிக்கை 64ஆல் வகுபட வேண்டும். 641க்கு 640 மீதிகள், பத்து அணிகள்.

வேலை எவ்வளவு குறைந்துவிட்டது பாருங்கள்! 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலான பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். 65 பகா எண் அன்று, 129ம் அன்று. முதலில் கிடைப்பது 193. பிறகு 257, 449, 577, 641. நம் எண்ணை இவற்றால் வகுத்தால் வரும் மீதிகள் முறையே 109, 2, 325, 288, 0. ஐந்தாவது அடியில் கோட்டை விழுந்தது! 1878இல் லூக்கா என்பவர் 64க்குப் பதிலாக 128ஐயே வைத்துக்கொள்ளலாம் என்று காட்டினார். அதன்படி 257, 641 என இரண்டே வகுத்தல்கள்.

67,00,417 பகா எண்தானா என்ற ஐயமும் இதே வழியில் தீர்ந்துவிடுகிறது. அதன் வர்க்கமூலம் 2,588க்குச் சற்று அதிகம். அதுவரை 128இன் மடங்கைவிட ஒன்று கூடுதலான பகா எண்கள் 257, 641, 769, 1,153, 1,409 ஆகிய ஐந்துதான். 257 நம் எண்ணையே வகுக்காது என்று கண்டோம். மற்ற நான்கால் 67,00,417ஐ வகுத்தால் மீதிகள் 44, 120, 334, 622. ஆகவே அது பகா எண். கணக்கு முடிந்தது.

இனிமேல்தான் வேடிக்கை. மீதிகளை அணிகளாகப் பிரித்தோமே, அதன் பின்னால் நிற்கும் தேற்றம் யாருடையது தெரியுமா? ஃபெர்மாவுடையதே! ஒரு பகா எண்ணைக் கொண்டு மீதிகளைப் பார்க்கும்போது, எந்தச் சுற்றின் நீளமும் அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைத்ததை வகுக்கும் என்ற உண்மையை அவர் 1640 அக்டோபரில், அதே ஃபிரெனிக்கிளுக்கு எழுதிய மற்றொரு கடிதத்தில் தெரிவித்திருக்கிறார். நிரூபணம் நீண்டுவிடும் என்று அஞ்சி அதை அனுப்பவில்லையாம்! ஆகஸ்டில் பூட்டிய பூட்டுக்கு அக்டோபரில் சாவி கையில் வந்துவிட்டது. இரண்டையும் அவர் ஒன்றுசேர்த்துப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தபோது எங்கோ ஒரு கழித்தலில் இடறினார். 591ஐ இரட்டிக்கத் தடுமாறிய எனக்கு இரண்டாவதே நடந்திருக்கும் என்று தோன்றுகிறது.

நம் எண்ணுக்குச் சூதும் தெரியும். பகா எண்ணா என்று அறிய அந்தத் தேற்றத்தையே ஒரு சோதனையாக வைக்கலாம். எண்ணில் ஒன்றைக் குறைத்து, அத்தனை முறை 2ஐப் பெருக்கினால், பகா எண்ணுக்கு மீதி 1 வர வேண்டும். 4,29,49,67,297 இந்தச் சோதனையில் தேறிவிடுகிறது! சுற்றின் நீளம் 64. 4,29,49,67,296ஐ 64 வகுக்கிறது. ஆகவே மீதி 1 வந்துதானே ஆகவேண்டும்? பகு எண்ணாக இருந்துகொண்டே பகா எண்ணின் முகமூடி அணிந்திருக்கிறது. 2ஐ விட்டு 3ஐக் கொண்டு சோதித்தால் முகமூடி கிழியும் என்பதை 1877இல் பெப்பின் காட்டினார். 3இல் தொடங்கி 31 முறை வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு முறையும் மீதியை எடுக்க வேண்டும். பகா எண்ணாயிருந்தால் முடிவில் 4,29,49,67,296 வரும். வருவதோ 1,03,24,303. காரணி எது என்றே தெரியாமல் பகு எண் என்று அடித்துச் சொல்லிவிட முடிகிறது.

1812இல் இலண்டனில் இதே எண்ணை ஒரு சிறுவனிடம் கொடுத்தார்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் பகுதியிலிருந்து தந்தையார் காட்சிக்கு அழைத்து வந்திருந்த சீரா கோல்பர்ன் அவன், வயது எட்டு. தாளும் பேனாவும் இல்லாமல் 641 × 67,00,417 என்று சொல்லிவிட்டானாம்.

கவராயமும் ஃபெர்மா எண்ணும்

பகா எண்ணாயிருந்தால் என்ன, இல்லாவிட்டால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் வடிவியலுக்கு!

அளவுகள் குறிக்கப்படாத கோல், கவராயம் இரண்டை மட்டும் கொண்டு எந்த ஒழுங்குப் பல்கோணங்களை வரையலாம் என்று கிரேக்கர்கள் ஆராய்ந்தார்கள். முக்கோணம் வரையலாம்; ஐங்கோணம் வரையலாம்; இரண்டையும் சேர்த்துப் பதினைந்து பக்கம் வரையலாம். பக்கங்களை இரட்டித்துக்கொண்டும் போகலாம். ஏழு பக்கம் வரவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகள் அத்துடன் நின்றன. 1796 மார்ச் 30ஆம் நாள், 19 வயது நிரம்பாத காஸ் 17 பக்கப் பல்கோணத்தை வரைய முடியும் என்று கண்டார். 3, 5, 17! ஃபெர்மா எண்கள் மீண்டும் வந்துவிட்டன. பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாயின், அது ஒரு ஃபெர்மா பகா எண்ணாகவோ, வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலனாகவோ இருந்தால் அந்தப் பல்கோணத்தை வரையலாம். வேறு எதையும் வரைய முடியாது என்ற மறுபாதியை 1837இல் வான்ட்செல் நிரூபித்தார். ஹெர்மஸ் என்ற செர்மானியர் 65,537 பக்கப் பல்கோணத்துக்குப் பத்தாண்டுகள் உழைத்தார். பார்ப்பதற்கு அது வட்டம்போலவே இருக்கும். பாவம், யாரும் வித்தியாசம் கண்டிருக்க மாட்டார்கள்.

நம் எண் மட்டும் பகா எண்ணாக இருந்திருந்தால், 429 கோடி சொச்சம் பக்கங்கள் கொண்ட பல்கோணம் ஒன்று இந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கும். 641 அதைக் கெடுத்துவிட்டது. அதற்கு ஈடு செய்வதுபோல, பக்கத்து வீட்டில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. 3 × 5 × 17 × 257 × 65,537 எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள். 4,29,49,67,295! நம் எண்ணைவிட இரண்டே குறைவு. வரையத்தக்க ஒற்றைப்படைப் பல்கோணங்களில் இன்று தெரிந்தவற்றுள் மிகப் பெரியது இதுதான்.

ஆக, மூன்று அண்டை வீட்டுக்காரர்கள். 4,29,49,67,295 ஐந்து ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலன். 4,29,49,67,296இல் 2ஐத் தவிர வேறு காரணியே இல்லை. 4,29,49,67,297இல் 641ம் அதன் துணையும். கணிப்பொறியில் 32 துடிமங்களைக் கொண்டு எழுதக்கூடிய மிகப் பெரிய எண் இவற்றுள் முதலாமவர். மற்ற இருவருக்கும் அங்கே இடமில்லை.

ஆறாவது ஃபெர்மா எண் இருபது இலக்கம் கொண்டது. அதற்கு 1880இல் லாண்ட்ரி 2,74,177 என்ற காரணியைக் கண்டார். ஏழாவது பகு எண் என்பது 1905இல் தெரிந்துவிட்டது. காரணிகள் கிடைத்ததோ கணிப்பொறியின் துணையால் 1970இல். ஐந்து முதல் 32 வரையுள்ள எல்லா ஃபெர்மா எண்களும் பகு எண்கள் என்று இன்று தெரியும். அவற்றுள் இருபதாவதற்கும் இருபத்துநான்காவதற்கும் ஒரு காரணிகூட இன்னும் அகப்படவில்லை. ஃபெர்மா அறிந்திருந்த ஐந்துக்குமேல் ஆறாவதாக ஒரு ஃபெர்மா பகா எண்ணை யாரும் கண்டதில்லை. இல்லை என்று நிரூபித்தவரும் இல்லை. அடுத்து நிற்பது முப்பத்துமூன்றாவது. அதற்கு 258 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். பக்கத்துக்கு 5,000 இலக்கம் வீதம் அச்சிட்டால் 5 இலட்சத்து 17 ஆயிரம் பக்கங்களுக்கு மேல் ஓடும். அது பகா எண்ணா, பகு எண்ணா என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது.

அது கிடக்கட்டும். ஆறாவது எண் உங்கள் பென்சிலுக்கு எட்டும். 2,74,177ஐக் கொண்டு 1இலிருந்து இரட்டிக்கத் தொடங்குங்கள், தாண்டும்போதெல்லாம் கழியுங்கள். 64ஆம் படியில் 2,74,176 வர வேண்டும்.